மைக்கில் நான் சொன்ன இரண்டு வரி

கூட்டம் சேர்ப்பது எப்படி என்று சினிமாவில் மேனேஜர் வேலை பார்க்கும் உங்களில் மூன்று பேர் இந்த மாதத்தில் மட்டும் என்னைப் போனில் கேட்டுவிட்டீர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைக் காட்சி எடுக்கப் போகிறோம், தொழிலாளர்களாக நிற்க நூறு பேர் வேண்டும், நீங்கள் அந்த ஊர்க்காரர்தானே, யாரைப் பிடிக்கலாம் என்று. யாரைப் பிடிக்கலாம் என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்லியும் விட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் போனை வைத்த பிறகு மனசு சரியாக இல்லை. ஆட்களைச் சேர்த்த பிறகு அவர்களை எப்படி வைத்துக்கொள்வது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

என்னைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் யூனிட் வேன் ஓட்டுநராகச் சினிமாவுக்குள் வந்து, புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் பக்கம் தொழிற்சாலைகள் வர வர, வாசலில் நிற்கிற செக்யூரிட்டி முதல் உள்ளே இருக்கிற அதிகாரி வரைக்கும் யாராவது ஒருவர் எனக்குத் தெரிந்தவராக இருந்தார். அதனால் சென்னையிலிருந்து எந்த யூனிட் இந்தப் பக்கம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஓடுகிற தொழிற்சாலைக்குள் கேமராவை விட மாட்டார்கள். மூடிக் கிடப்பதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அதில் நான் கொஞ்சம் பெயர் வாங்கியிருந்தேன்.

நான் சொல்ல வந்த படத்தின் கதையே ஒரு தொழிற்சாலை மூடப்படுவதைப் பற்றியது. இயக்குநருக்கு அது இரண்டாவது படம். முதல் படம் ஓடவில்லை, ஆனால் நிறையப் பேசப்பட்டது. தேனிப் பக்கத்துக்காரர். மரியாதை தெரிந்த மனிதர். லைட் தூக்குகிறவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டுத்தான் தட்டில் கை வைப்பார். அவரைக் கெட்டவர் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கெட்டவர்களிடம் நாம் எப்படியும் ஜாக்கிரதையாக இருந்துவிடுவோம். நல்லவர்களிடம்தான் சறுக்குகிறோம்.

அவருக்கு நான் காட்டிய இடம், மூடி ஆறு வருடம் ஆன ஒரு மின்னணுத் தொழிற்சாலை. இயந்திரங்களை எல்லாம் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பெரிய கூடம், தரையில் மஞ்சள் கோடுகள், சுவரில் நின்றுபோன ஒரு கடிகாரம், அவ்வளவுதான். அவர் கூடத்தை இரண்டு முறை சுற்றி வந்தார். பிறகு என்னிடம் வந்து கேட்டார்.

"அண்ணே, துணை நடிகர் சங்கத்து ஆளுங்க முன்னாடி வரிசைக்கு வேணாம்ணே. கேமராவப் பாத்ததும் நடிக்க ஆரம்பிச்சிடுறாங்க. இந்தக் கம்பெனியிலயே வேல பாத்தவங்க கெடைப்பாங்களா?"

"கெடைப்பாங்க" என்றேன். கேட்டதும் கொண்டுவந்து நிறுத்துகிறவன் என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது. யோசிக்காமலே சொன்னேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் விமலா இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பிளஸ் டூ முடித்த கையோடு அந்தக் கம்பெனியில் சேர்ந்தவள். மூடுகிறபோது லைன் லீடராக இருந்தாள், இருபத்து நான்கு பெண்கள் அவள் பொறுப்பில். அதன் பிறகு இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் தைக்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் போய்க்கொண்டிருந்தாள். ஆறு வருடமாகியும் நிரந்தரம் ஆக்கவில்லை. கணவர் மறைமலை நகரில் லோடு ஏற்றுகிற வேலை. எட்டாவது படிக்கிற ஒரு மகள். என்னைச் சின்ன வயதிலிருந்தே அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் முதலில் கேட்டது சினிமாவைப் பற்றி அல்ல.

"நம்ம கம்பெனிக்குள்ளயாண்ணா? உள்ள வுடுவாங்களா?"

"பர்மிஷன் வாங்கிட்டேன்."

"லைன் இருந்த எடம் அப்டியே கீதா?"

"மெஷின் எதுவும் இல்லம்மா. எடம் இருக்குது."

பிறகு, "எத்தினி பேர் வேணும்?" என்றாள்.

இரண்டே நாளில் எண்பது பேரைச் சேர்த்துவிட்டாள். கம்பெனி மூடினாலும் அவர்கள் ஒருவரை ஒருவர் விடவில்லை. காதுகுத்து, வளைகாப்பு, சாவு என்று எல்லாவற்றிலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கெங்கோ தனித்தனி கம்பெனிகளில் வேலை செய்துகொண்டிருந்த எண்பது பேர், ஞாயிறு ஒரு நாள், திங்கள் ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலிலேயே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து கையெழுத்து வாங்கினேன். அது வருகைப் பதிவு மட்டும் இல்லை. மேலே ஆங்கிலத்தில் ஒரு பத்தி இருக்கும். படம்பிடித்த எதையும் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம், பிற்பாடு ஆட்சேபிக்க மாட்டேன் என்று. பழைய படம் ஒன்றிலிருந்து நான்தான் நகல் எடுத்து வைத்திருந்தேன். விமலா வாசித்துப் பார்க்கக் குனிந்தபோது, "அட்டெண்டன்ஸ்தாம்மா, போட்டுட்டு உள்ள போ, டிஃபன் ஆறிடும்" என்றேன். அப்படிச் சொல்லியே பழகிவிட்டது. இருபத்தைந்து வருடமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

உடைக்காரர் தைத்துக்கொண்டு வந்த யூனிஃபார்ம் நிறம் ஒத்துப்போகவில்லை. பாதிப் பேர் தங்கள் பழைய நீலக் கோட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. அதையே போட்டுக்கொண்டு கூடத்துக்குள் போனார்கள். உதவி இயக்குநர் நிவேதா, யார் எங்கே நிற்க வேண்டும் என்று தாளில் குறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தத் தாளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஒவ்வொருவரும் தானாகவே நடந்து போய், முன்பு தன் இயந்திரம் இருந்த இடத்தில் நின்றுகொண்டார்கள். வெறும் தரை. இரண்டு பெண்கள் இந்த இடம் யாருடையது என்று சண்டை போட்டார்கள். மஞ்சள் கோட்டுக்குள் ஒருவரும் செருப்போடு போகவில்லை.

இயக்குநர் இதைப் பார்த்துக்கொண்டு கூடத்தின் ஓரத்தில் நின்றார். அவர் முகத்தில் அப்போது வந்த ஒரு பளபளப்பை நான் கவனித்தேன். நல்ல காட்சி அகப்பட்டவரின் முகம் அது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு எல்லாம் நன்றாக நடந்தது. மறுநாள் மதியம்தான் விஷயம்.

கடைசிக் காட்சி மிச்சமிருந்தது. கதைப்படி, தொழிற்சாலை திரும்பத் திறக்கப் போகிறது என்று செய்தி வருகிறது, தொழிலாளர்கள் கேட்கிறார்கள். காலையில் இரண்டு முறை எடுத்துப் பார்த்தார்கள். கைதட்டுங்கள் என்றால் தட்டினார்கள், சிரியுங்கள் என்றால் சிரித்தார்கள். பள்ளி ஆண்டுவிழாப் போல இருந்தது. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்து மேகம் கட்டிக்கொண்டு வந்தது. எங்களுக்கு அந்த இடத்தில் அதுதான் கடைசி நாள். சாப்பாட்டு வேளையில் இயக்குநர் என்னையும் நிவேதாவையும் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அண்ணே, இன்னொரு வழி இருக்கு. நிஜமாவே சொல்லிருவோம்."

எனக்குப் புரியவில்லை.

"நாடக நடிகர் ஒருத்தர் கார்ல வந்து இறங்குவார். இவங்க யாரும் பாத்ததில்ல. கம்பெனியிலேருந்து வந்திருக்கேன், பிளான்ட் மறுபடி ஓடப்போகுது, பழைய ஆளுங்களையே எடுக்கப்போறோம்னு சொல்லுவார். மூணு கேமராவும் ஒளிச்சு வச்சிருவோம். அஞ்சு நிமிஷம்தாண்ணே. அப்புறம் நானே போய்ச் சொல்லி, கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டுக்கிறேன்."

நிவேதா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "சார், அவங்ககிட்ட சொல்லிட்டே எடுக்கலாமே. அவங்களோட கதைதானே இது. கேட்டா புரிஞ்சுக்குவாங்க" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் வயதில் மூத்தவன் நான். ஊர்க்காரன் நான். என் ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். இது சரியில்லை என்று எனக்கு உடனே தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. ஆனால் மழை வந்தால் கூரைச் சத்தத்தில் எதுவும் எடுக்க முடியாது, இன்னொரு நாள் வேண்டும். இன்னொரு நாளுக்கு அனுமதி கிடைக்காது. அனுமதி வாங்கத் தெரியாத மேனேஜர் என்று பெயர் வரும். அறுபதை நெருங்குகிறவனை விட்டுவிட்டு அடுத்த படத்துக்கு வேறு ஆளைப் போடுவார்கள். ஐந்து நிமிடம்தானே என்றும் நினைத்தேன். ஆறு வருடம் காத்திருந்தவர்களுக்கு ஐந்து நிமிடம் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை.

"அவங்க மனசு கஷ்டப்படும் தம்பி" என்று மட்டும் சொன்னேன். அதுவும் தடுப்பதற்காகச் சொன்னதில்லை. சொன்னேன் என்று இருக்கட்டுமே என்பதற்காகச் சொன்னது.

"தெரியும்ணே. அதுக்குத்தான் நீங்க வேணும். யாரோ வந்து சொன்னா சந்தேகப்படுவாங்க. நீங்க மைக்ல ரெண்டு வரி சொல்லி ஆரம்பிச்சு வைங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

இரண்டரை மணிக்கு நான் மைக்கைக் கையில் எடுத்தேன். "ஷூட்டிங் பிரேக்குங்க. கம்பெனியிலேருந்து ஒருத்தர் உங்களப் பாக்க வந்திருக்காரு, ரெண்டு வார்த்தை பேசணும்னு சொல்றாரு" என்றேன். கம்பெனி என்று சொன்னேனே தவிர எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. சினிமா கம்பெனியும் கம்பெனிதானே என்று எனக்குள்ளேயே ஒரு சமாதானம். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் அதிகக் கூச்சமாக இருக்கிறது.

நடிகர் நன்றாகவே பேசினார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு ஃபைல். வேறொரு நிறுவனம் பிளான்ட்டை எடுத்துக்கொண்டது, அடுத்த இரண்டு மாதத்தில் வேலை ஆரம்பிக்கிறது, மூன்று வருடத்துக்கு மேல் இங்கே வேலை பார்த்த எல்லோரையும் நிரந்தரமாக எடுக்கிறோம் என்றார்.

இயக்குநர் எதிர்பார்த்தது கூச்சலும் கைதட்டலும். ஒன்றும் வரவில்லை. எண்பது பேரும் அப்படியே நின்றார்கள். கூரைக்கு மேலே புறா நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"சார், வயசு பாப்பீங்களா சார்?"

நடிகருக்கு அந்த வசனம் எழுதித் தரப்படவில்லை. ஒரு நொடி தடுமாறினார். "இல்லம்மா, வயசு பாக்க மாட்டோம்" என்றார்.

அப்போதுதான் அது உடைந்தது. விமலா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்பது தோள் குலுங்குவதில்தான் தெரிந்தது. அவளுடைய லைன் பெண்கள் நான்கைந்து பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்து, அவள் தலையில் தங்கள் தலையை முட்டிக்கொண்டு அழுதார்கள். ஒரு ஆள் சுவரோரம் போய்ச் சுவரைத் தொட்டபடி நின்றார். இன்னும் சிலர் பைகளை வைத்திருந்த மூலைக்கு ஓடினார்கள், போனை எடுக்க. விமலாவும் எழுந்து போனாள். போனைக் காதில் வைத்து ஏதோ பேசினாள். வீட்டுக்காரரிடம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கேமரா ஐந்து நிமிடத்தில் நிற்கவில்லை. பதினொரு நிமிடம் ஓடியது.

பிறகு இயக்குநர் வந்தார். உண்மையிலேயே கைகூப்பிக்கொண்டுதான் வந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. இது படத்துக்காகச் செய்தது, உங்களுடைய உண்மையான உணர்ச்சி வேண்டியிருந்தது, மன்னித்துவிடுங்கள் என்றார். சொன்னபடியே தரையில் விழுந்து கும்பிட்டார்.

அடிக்க வருவார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள், எப்படிச் சிரிப்பது என்று தெரியாதவர்கள் மாதிரி. மற்றவர்கள் நீலக் கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார்கள். வயதைப் பற்றிக் கேட்ட பெண் மட்டும் நடிகரின் பக்கத்தில் போய், "அப்ப அந்த ஃபைல்ல ஒண்ணும் இல்லியா சார்?" என்று கேட்டாள். அவர் திறந்து காட்டினார். பழைய செய்தித்தாள் இருந்தது.

விமலா என்னிடம் வந்தாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமாண்ணா?"

அங்கேதான் நான் செய்ததிலேயே மோசமானதைச் செய்தேன்.

"தெரியாதும்மா. எங்கிட்டயும் சொல்லல. கம்பெனி ஆளுன்னுதான் சொன்னாங்க" என்றேன்.

நம்பினாள். என் முகத்தைப் பார்த்து, எனக்காகவும் சேர்த்து வருத்தப்பட்டாள் போல இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"காலைலேருந்து சூப்பர்வைசர் போன் மேல போன் பண்ணிகினே இருந்தான்ணா. லீவு போட்டது தப்பாம், டார்கெட் போச்சாம். இப்ப எடுத்து, இனிமே ஒன் மூஞ்சில முழிக்கமாட்டேன்டான்னு சொல்லிட்டேன். ஆறு வருஷமா வச்சிருந்தது எல்லாத்தியும் சொல்லிட்டேன்."

மறுநாள் காலையில் நான் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் வாசலில் நின்றேன். எனக்குத் தெரிந்த செக்யூரிட்டி உள்ளே விட்டார். அந்த சூப்பர்வைசர் என்னைவிட முப்பது வயது சின்னவர். நான் கெஞ்சினேன். அவர் சண்டை எதுவும் போடவில்லை. "நேத்தே பேரு எடுத்தாச்சு சார். கான்ட்ராக்டர் வேற ஆள அனுப்பிட்டாரு. அந்தப் புதுப் பொண்ணு இப்ப லைன்ல உக்காந்துகினு கீது. அத எழுந்திரிக்கச் சொல்லவா?" என்றார். வாசலுக்குத் திரும்பி நடந்தேன்.

விமலா ஐந்து மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவினாள். பிறகு ஒரகடத்தில் ஒரு குடோனில் பெட்டி கட்டுகிற வேலை கிடைத்தது. சீட் தைக்கிற மெஷினில் கை தேர்ந்தவளுக்குப் பெட்டி கட்டுகிற வேலை. அந்த வேலையும் நான் சொல்லித்தான் கிடைத்தது. அதற்காக அவள் எனக்கு நன்றி சொன்னபோது நான் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் படத்தின் டிரெய்லர் வந்தது. அதில் பாதி அவள் முகம்தான். குடோனில் எல்லோருடைய போனிலும் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணா, அதுல நான் அழற எடத்த மட்டும் எடுக்கச் சொல்லுண்ணா. லைன்ல பசங்க அதே மாதிரி வாயப் பொத்தி அழுது காட்டறானுங்க. எம்பொண்ணு ஸ்கூல்லயும் அதையே சொல்றாங்களாம். நீ சொன்னா கேப்பாங்க."

போனேன். படத்தொகுப்பு நடந்துகொண்டிருந்த இடத்தில் இயக்குநர் எனக்குக் காபி வரவழைத்தார். அந்தக் காட்சியைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். அதை என்ன சொல்வது? அவ்வளவு நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம்.

"இது இல்லாட்டி படமே இல்லண்ணே" என்றார். "அவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்களே. நீங்கதானே வாங்குனீங்க."

வெளியே வந்தேன். நிவேதா பின்னாலேயே படியிறங்கி வந்தாள். அவள் சொன்ன வார்த்தைகளை உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். "சார், ஒரு வழி இருக்கு. அவங்ககிட்ட பொய் சொல்லி எடுத்தது, கையெழுத்து வாங்கும்போதும் என்ன பேப்பர்னு சொல்லல, இதெல்லாம் எனக்குத் தெரியும்னு நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. புரொடியூசரோட வக்கீல் அதப் பாத்தா அந்த ஷாட்டத் தூக்கிடுவாரு. நான் எழுதினா வேல தெரியாத பொண்ணுன்னு தள்ளிடுவாங்க. நீங்க மேனேஜர்."

எழுதுகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து எழுதவும் செய்தேன், ஒரு பக்கம். அதைக் கொடுத்தால் இனி எந்தத் தயாரிப்பாளரும் என்னைக் கூப்பிட மாட்டார். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு முன்னாடியே தெரியும் என்பது அதில் மூன்றாவது வரியிலேயே இருந்தது. விமலா படித்தால் என்ன ஆவது என்று யோசித்தேன். நாளைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று பத்து நாள் போயிற்று. பதினோராம் நாள் படம் வெளியாகிவிட்டது.

படம் ஓடியது. அந்தக் காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். பெயர் தெரியாத ஒரு துணை நடிகையின் அபார நடிப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். நிவேதா அதன் பிறகு அந்த இயக்குநரிடம் வேலை செய்யவில்லை. என்னிடமும் பேசவில்லை. எனக்கு அடுத்தடுத்து இரண்டு படம் வந்தது. அவைதான் என் கடைசிப் படங்கள்.

நீங்கள் எதிர்பார்ப்பதால் வேலை சம்பந்தமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து வாங்கும் தாளைத் தமிழில் அடியுங்கள். சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். டிஃபன் ஆறினால் ஆறட்டும். பிறகு, ஷாட் ஆரம்பிக்கும் முன்னால் கேமராவுக்கு இந்தப் பக்கம் உள்ளவர்களுக்குத் தெரிந்தது, அந்தப் பக்கம் உள்ளவர்களுக்கும் தெரியுமா என்று ஒரு முறை பாருங்கள். கதாநாயகனிடம் கேட்காமல் எதையும் செய்ய மாட்டோம். அவருக்கு ஒரு மேலாளர், ஒரு வக்கீல், ஒரு சங்கம் இருக்கிறது. கூட்டத்தில் நிற்பவருக்கு அந்த இடத்தில் இருப்பது நீங்கள் மட்டும்தான். சாப்பாட்டு வேளையில் சின்னவர் ஒருவர் சரியானதைச் சொல்லிவிட்டு உங்களைப் பார்த்தால், தட்டைப் பார்க்காதீர்கள்.

இதையெல்லாம் கற்றுக்கொண்டு நான் நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஓய்வு பெற்று ஒரு வருடம் கழித்துத்தான் விமலாவிடம் உண்மையைச் சொன்னேன். இனி எனக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்றான பிறகு.

அவள் அப்போது செகண்ட் ஷிஃப்ட் போய்க்கொண்டிருந்தாள். மதியம் ஒரு மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். டப்பாவில் சோறு அடைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலி போட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டு வேளையில் பேசியது, மைக்கை எடுத்தது, தெரியாது என்று அவளிடம் சொன்னது, எழுதி வைத்துக் கொடுக்காமல் போன கடிதம். அவள் டப்பாவை மூடி, துணியைச் சுற்றி, முடிச்சுப் போட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த லெட்டர் குட்த்திருந்தா, அந்த எடத்த எடுத்திருப்பாங்களா?"

"எடுத்திருப்பாங்க."

தலையை ஆட்டினாள். பிறகு பேசினாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அழுதது நான்தான்ணா. அது ஒண்ணும் பொய்யில்ல. கம்பெனிய மூடன அன்னிக்கு நான் அழல. லைன் பொண்ணுங்க எல்லாம் என் மூஞ்சியப் பாத்துகினு நின்னாங்க, நான் எப்டி அழறது? அப்பறம் வூட்லயும் அழல. அன்னிக்கு நீ எங்கிட்ட வந்து, விமலா, தெறக்கப் போறாங்கன்னு வச்சிக்க, அப்டி நெனச்சிக்கன்னு சொல்லியிருந்தா போதும். நான் அழுதிருப்பேன். கேட்டிருந்தாலே அழுதிருப்பேன்ணா."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இவ்வளவு காலமும், வேறு வழியில்லாமல்தான் செய்தோம் என்ற ஒன்றை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று.

"வேன் வர்ற நேரமாச்சு" என்று எழுந்தாள். கதவைப் பூட்டினாள். நானும் கூடவே தெருமுனை வரைக்கும் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் போனேன். குடோன் வேன் வந்து நின்றது. உள்ளே ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு, "யாருக்கா அது?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

விமலா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சினிமாக்காரரு" என்றாள்.